ரோஸ் நிறத் தண்ணீரில் என் முதுகு

ஓக்லா கிடங்குகளை விட்டு வெளிவட்டச் சாலைக்கு நான் வந்து சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. மாசி மாதம். நேரு பிளேஸ் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். அக்குளில் ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய உறை. எந்தப் பைக்குள்ளும் நுழையாத அளவில்தான் அதைச் செய்கிறார்கள். முதுகு போனவனை ஊரே தூரத்திலிருந்து தெரிந்துகொள்ளட்டும் என்றோ என்னவோ.

காலையில் கிடங்கு மேஸ்திரி அந்த உறையைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டார். "எனக்கு மூட்டை தூக்குறவன் வேணும், எக்ஸ்ரே தூக்குறவன் வேணாம்" என்று இந்தியில் சொன்னார். வரிசையில் நின்ற பீகார்க்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பேச்சு அது. அந்த வாரம் என்னைத் திருப்பி அனுப்பிய நான்காவது இடம் என்பதால் அதற்குமேல் ரசிக்க முடியவில்லை.

ஆப்பரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, ஒரே இடத்தில் நெடுநேரம் உட்காரக் கூடாது. டாக்டர் சொன்னது இவ்வளவுதான். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுகூட மிச்சமில்லை. ஜங்புராவில், நாலா என்கிற பெரிய கழிவுநீர்க் கால்வாய் ஓரத்தில், தமிழர் குடிசைகள் நிறைந்த மதராசி கேம்ப்பில், என் மாவட்டத்துக்காரன் ஒருவன் குடும்பத்தோடுதான் நான் தங்கியிருந்தேன். சாக்கடை அள்ளும் வேலை அவனுக்கு. ஒருநாள் என்னைக் கேட்காமலே சனிக்கிழமை ரயிலுக்கு விழுப்புரம் டிக்கெட் எடுத்து வந்து என் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டான். நல்ல மனதோடுதான் செய்தான். நான் நடந்துகொண்டிருந்த நாள் வியாழன். சனிக்கிழமைக்குள் இந்த முதுகு ஏற்றுக்கொள்ளும் ஒரு வேலை கிடைத்தால் நான் தில்லியில் இருப்பேன். கிடைக்காவிட்டால் என் அண்ணன் வீட்டில் ஒரு கயிற்றுக் கட்டிலில், மற்றவர்கள் கொடுக்கும் காப்பியைக் குடித்துக்கொண்டு கிடப்பேன்.

பஸ் இல்லாமல் இல்லை. ஒருமுறை ஏறிப் பார்த்தேன். ஒவ்வொரு பள்ளமும் இடுப்பிலிருந்து இடது குதிகால்வரை தந்தி அடித்தது. நடந்தால் வலி இல்லை. நடப்பது எனக்குப் பழக்கமும்கூட. ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தவன் நான். பெங்களூரில் ஹோட்டலில் இலை எடுத்தேன். சோலாப்பூரில் பஞ்சு மூட்டை. நாக்பூரில் ஒரு கல்லூரியில், பாட்டில்களில் தவளையும் பாம்பும் மிதக்கும் அறையைத் துடைத்தேன். அவை ஊறும் பார்மலினின் நாற்றம் சோற்றுப் பருக்கையில்கூட வந்தது. மூன்று மாதத்தில் கிளம்பிவிட்டேன். எந்த ஊரிலும் இரண்டு வருடம் நிலைத்ததில்லை. தில்லியில் மட்டும் எப்படியோ நான்கு வருடம் ஓடிவிட்டது.

முனிர்கா பக்கம் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு தமிழ்ப் பெண், கேம்ப்பின் டெலிபோன் பூத்துக்குப் பேசி, வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தாள். "கண்டிப்பா வரணும், ஒண்ணு காட்டணும்" என்பது மட்டும்தான் செய்தி. அவளிடம் என் முதுகின் ஒரு துண்டு இருந்தது. அதைப் பார்க்கத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

என் முதுகைக் கெடுத்தது ஓர் ஆட்டுக்கல்.

தில்லியில் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவருக்குப் பதவி உயர்ந்தால், ஓர் அறை கூடுதலான குவார்ட்டர்ஸ் வரும். உடனே மூட்டை கட்டி நாலு தெரு தள்ளிக் குடிபோவார்கள். அவர்களுடைய பீரோவையும் ஃபிரிட்ஜையும் தூக்கித்தான் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். லோதி ரோட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். மூன்றாவது மாடி. பீரோவை நான் மதிப்பேன், பிடித்துக்கொள்ள அதற்கு மூலைகள் உண்டு. ஆட்டுக்கல்லுக்கு மூலையும் கிடையாது, பிடியும் கிடையாது. நாடாவில் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டேன். பின்னால் வந்த அம்மாள் ஒவ்வொரு படிக்கும் "பாத்துப்பா, கல்லு பத்திரம்! ஊர்லேர்ந்து கொண்டுவந்தது, இங்க இந்த மாதிரி கெடைக்காது!" என்றார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் இடுப்புக்குள் ஈரத்துணி கிழிவதுபோல ஒன்று கிழிந்தது. கல்லை நான் போடவில்லை. படியில் இறக்கி வைத்துவிட்டுத்தான் விழுந்தேன். அந்த அம்மாள் கல்லைத் தடவிப் பார்த்தார், பிறகு என்னையும் பார்த்தார், உள்ளே ஓடிப்போய் மோர் கொண்டுவந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு ஐந்து மாதம் வலி. ஊசி, பெல்ட், மறுபடி ஊசி. கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம்கூடத் தெரியாத பனி. அந்த வார்டில் நான் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் தமிழில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்கும் புரியாது என்கிற தைரியம்.

"அண்ணாச்சி, இவ்வளவு சுத்தமான தமிழ் கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றது ஒரு குரல்.

கையில் காகிதங்களோடு ஒரு பெண் நின்றாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். திருநெல்வேலிப் பேச்சு. காதுவரை குல்லாய்.

"டாக்டரா நீ? மன்னிச்சிக்கம்மா" என்றேன்.

"டாக்டர் இல்ல. ஆராய்ச்சி பண்ணுதேன். நாளைக்கு ஆப்பரேஷன்ல உங்க முதுகுலேர்ந்து ஒரு துண்டு எடுப்பாங்க. தூரப் போடுததுதான். அத எனக்குத் தருவீங்களான்னு கேக்க வந்தேன்."

"எடுத்துட்டுப் போ. என்கிட்ட இருந்து அது ஒண்ணும் நல்லது பண்ணல."

"வாயால சொன்னா போதாது, கையெழுத்து போடணும். அதுக்கு முன்னால என்ன ஏதுன்னு நான் வெளங்கச் சொல்லணும்."

"சொல்லு. நான் எங்க ஓடிடப் போறேன்?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். முதுகெலும்பில் ஒவ்வோர் எலும்புக்கும் நடுவே ஒரு தட்டு இருக்கிறது. டிஸ்க் என்பது அதுதான். சுற்றிலும் டயர்போல அடுக்கடுக்காக நார், நடுவில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் கூழ். அந்தக் கூழை உண்டாக்கிக்கொண்டிருப்பவை மிகக் கொஞ்சமான செல்கள். பெரியவர்களுக்கு அந்தக் கூழ்வரை ரத்தக் குழாய் எதுவும் போவதில்லை.

"ரத்தம் போகலன்னா அதுங்க சோத்துக்கு என்ன பண்ணும்?" என்று கேட்டேன். அது எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.

"மேலயும் கீழயும் உள்ள எலும்புலேர்ந்து கசிஞ்சு வரும். நீங்க நின்னா தட்டு அமுங்கி தண்ணி வெளிய போவும். படுத்தா திரும்ப உறிஞ்சிக்கிடும். நடந்தீங்கன்னா கொஞ்சம் அமுங்கும், கொஞ்சம் விரியும். அதான் நடக்கது நல்லதுங்காங்க."

"அப்ப நான் இத்தனை வருஷம் நடந்தது?"

"நடந்தது நல்லதுதான். தூக்குனதுதான் அதிகம்."

பிறகு அவள் தன் விஷயத்துக்கு வந்தாள். செல்கள் தாமாக வேலை செய்வதில்லை. கூழ் உண்டாக்கு, பெருகு, நிறுத்து என்று அவற்றுக்குச் சேதி வர வேண்டும். அந்தச் சேதியைக் கொண்டுபோகும் சின்னச் சின்னப் புரதங்களுக்கு வளர்ச்சிக் காரணி என்று பெயர். ஒரு செல் அதை வெளியே விடும், பக்கத்துச் செல் வாங்கிக்கொள்ளும்.

"மேஸ்திரி சத்தம் போடற மாதிரி" என்றேன்.

"அப்படியே வச்சுக்கோங்க."

"மேஸ்திரி இல்லன்னா நாங்களும் பீடி புடிச்சிட்டு உக்காந்திருப்போம்."

சிரித்தாள். "மேஸ்திரி இல்லாம போறது மட்டும் இல்ல அண்ணாச்சி. வயசானா, பாரம் ஏறுனா, கட்டச் சொல்லுத சேதி எடுபடாம போவுது, ஒடைக்கச் சொல்லுதது ஓங்கிருது. இன்னொரு வம்பு என்னன்னா, தட்டு கிழிஞ்ச பெறகு வேற வளர்ச்சிக் காரணிங்க வந்து ரத்தக் குழாயையும் நரம்பையும் உள்ள கூப்பிடுது. அதுவும் வளர்ச்சிதான். ஆனா நரம்பே இல்லாத எடத்துல நரம்பு வளந்தா?"

"வலிக்கும்."

"அதான் உங்களுக்கு. வலிக்கு அது ஒரு காரணமா இருக்கலாம்."

வளர்ச்சி என்ற சொல்லை நான் அதுவரை பிள்ளைகளுக்கும் பயிர்களுக்கும்தான் கேட்டிருந்தேன். எனக்குள்ளேயே, எனக்குத் தெரியாமல், வேண்டாத ஒன்று மும்முரமாக வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதைக் கேட்டு இன்னும் இரண்டு கெட்ட வார்த்தைகள் சொன்னேன். அவள் அவற்றைக் காதில் வாங்காதவள்போலக் காகிதத்தைத் திருப்பினாள்.

அவளுடைய கேள்வி ஒன்றுதான். கெட்டுப்போன தட்டின் செல்களுக்குச் சரியான வளர்ச்சிக் காரணியை வெளியிலிருந்து கொடுத்தால், அவை இன்னும் சொன்னபடி கேட்குமா? கேட்டுப் பார்க்க உயிருள்ள செல் வேண்டும். அங்கேதான் தகராறு. ஒரு வருடமாக அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அவள் துண்டுகள் வாங்குகிறாள். ஒன்றில்கூட ஒரு செல்லும் வளரவில்லை.

"எல்லாம் செத்துதான் வருது. ரோஸ் கலர்ல ஒரு சத்துத் தண்ணி இருக்கு, அதுல போட்டு, ஐஸ்ல வச்சுத்தான் கொண்டுபோறேன். ஆப்பரேஷன் அறைக்குள்ள என்னை விடமாட்டாங்க. கதவுக்கு வெளிய நிக்கேன், உள்ளேர்ந்து பாட்டில் வரும், ஆட்டோ புடிச்சு ஓடுதேன். எங்க தப்பு பண்ணுதேன்னே தெரியல. ஹோலி வரைக்கும் பாரு, இல்லன்னா தலைப்ப மாத்திக்கோன்னுட்டாரு எங்க சார்."

கையெழுத்துப் போட்டேன். தமிழில்தான். அவள் அதை வாசித்துப் பார்த்துவிட்டு, "கையெழுத்து முத்து முத்தா இருக்கு, ஏன் படிப்ப விட்டீங்க?" என்றாள். சொல்லும்படி பெரிய காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். தூங்க வைக்கவில்லை. குப்புறக் கிடந்தேன். முகத்துக்குக் கீழே ஓர் ஓட்டை, அதன் வழியாகத் தரையும் இரண்டு ரப்பர் செருப்புகளும் தெரிந்தன. செருப்புகள் தியேட்டர் அட்டெண்டருடையவை. ஹரியானாவில் ரோத்தக் பக்கத்து ஆள், ஓய்வு பெறும் வயது. அந்த அறையில் எது எங்கே இருக்கிறது என்று டாக்டர்களே அவரைத்தான் கேட்டார்கள்.

என்னைத் திறந்துவிட்டார்கள் என்பது எனக்குச் சத்தத்தில்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து டாக்டர், "இதோ, முதல் துண்டு" என்றார். செருப்புகள் ஓரமாக நகர்ந்தன. ஒரு மூடி திருகும் சத்தம். உடனே அந்த நாற்றம் வந்தது. நாக்பூர், தவளைகள், சோற்றுப் பருக்கை எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டன.

"பையா!" என்றேன். "அது பார்மலின்தானே?"

"சுப் கர்கே லேட்டா ரஹ்" என்றார் அட்டெண்டர். வாயை மூடிக்கொண்டு படு என்று அர்த்தம்.

"என் துண்டை அதுல போடாதீங்க! அது செத்ததை வைக்கிற மருந்து! அந்த மேடத்துக்கு உயிரோட வேணும்!" இந்தியில் எனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லையும் சேர்த்துக் கத்தினேன்.

"ஹில்னா மத்!" என்று கத்தினார் டாக்டர். அசையாதே. அவர் கத்தியதும் நியாயம்தான், நரம்புக்குப் பக்கத்தில் அவர் கை இருந்தது.

"அசையல சார், பேசத்தான் செய்யறேன்" என்றேன்.

டாக்டர் அட்டெண்டரிடம் என்ன நடக்கிறது என்று கேட்டார். அவர் சொன்னதை நான் இன்றும் வார்த்தை மாறாமல் சொல்வேன்: "இந்தத் தியேட்டரில் வெட்டி எடுக்கும் எதுவும் முதலில் பார்மலினில் குளிக்க வேண்டும், இது என் உஸ்தாத், என் குருநாதர், சொல்லிக்கொடுத்தது. நன்றாகக் குளிப்பாட்டி, அழுக்குப் போன பிறகுதான் மேடத்தின் ரோஸ் நிறக் குலாபித் தண்ணீரில் போடுகிறேன். இத்தனை மாதத்தில் ஒரு துண்டாவது அழுகிப் போயிருக்கிறதா, மேடத்தையே கேளுங்கள்."

அழுகவில்லை என்பது உண்மைதான். எப்படி அழுகும்? ஒரு வருடமாக அந்த மனிதர் மிகுந்த பொறுப்போடு, அவள் கேட்காமலே, ஒவ்வொரு துண்டையும் கொன்று சுத்தமாக அனுப்பியிருக்கிறார். வெளியே வரும்போது பாட்டில் ரோஸ் நிறத்தில்தான் இருக்கும். யாருக்கு என்ன தெரியும்?

டாக்டர் "குளித்துவிட்ட முதல் துண்டு தனிப் பாட்டிலில். மீதியெல்லாம் நேராகக் குலாபியில்" என்றார்.

"இனி பேஷண்ட் வந்து எனக்குத் தொழில் சொல்லித் தருவான்" என்று முணுமுணுத்தன ரப்பர் செருப்புகள். ஆனால் அந்த நாற்றம் மறுபடி வரவில்லை. மூடி திருகும் சத்தத்தை எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

சாயங்காலம் அந்தப் பெண் வார்டுக்கு வந்தாள். கதவுக்கு வெளியே நின்றவளிடம் ஒன்றுக்குப் பதில் இரண்டு பாட்டில் வந்ததும் குழம்பிப்போயிருக்கிறாள். நான் நடந்ததைச் சொன்னேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு மறுபடி சிரித்தாள். பக்கத்துக் கட்டில் பஞ்சாபிக் கிழவர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நர்ஸைக் கூப்பிட்டார்.

"வாசனை உனக்குத் தெரியலையா?" என்று கேட்டேன்.

"எங்க கட்டடமே அந்த வாசனதான் அண்ணாச்சி. பக்கத்து அறையில முழுக்கப் பாட்டில். மூக்கு மரத்துப்போச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வருஷம். எங்க அம்மாகிட்ட ஊர்ல மாப்பிள்ளை பாருன்னு சொல்லலாமான்னுகூட வந்துட்டேன்."

அதன் பிறகு ஏழு வாரம். கேம்ப்பில் படுத்தேன், எழுந்தேன், நாலா ஓரமாகக் கொஞ்சம் நடந்தேன், அதிகம் நடந்தேன், வேலை தேடினேன். மீதியை முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

வளாகத்துக்குள் நுழைந்தபோது சாலையெங்கும் சிவப்பு இலவம்பூக்கள் உதிர்ந்து கிடந்தன. குனியக் கூடாது என்பதால் ஒன்றையும் எடுக்கவில்லை. ஆய்வுக்கூட வாசலில் அவள் நின்றாள். வழக்கமான விசாரிப்பு எதுவும் இல்லை. கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிப்போய் ஒரு மைக்ராஸ்கோப் முன்னால் நிறுத்தினாள்.

"உக்கார வேண்டாம், நின்னே பாருங்க. ஒயரத்த ஏத்தி வச்சிருக்கேன்."

அதைக் கவனித்துச் செய்திருந்தாள். பார்த்தேன். உருண்டை உருண்டையாக, ரவை கொட்டியதுபோல, ஒட்டாமல் கிடந்தது.

"இது பார்மலின்ல குளிச்ச முதல் துண்டு. இப்ப இது."

அடியிலிருந்த கண்ணாடிக் கிண்ணத்தை மாற்றினாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. நீள நீளமாக, கையைக் காலை நீட்டிக்கொண்டு, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, எத்தனையோ பேர். திருவிழாக் கூட்டத்தை மாடியிலிருந்து பார்ப்பதுபோல இருந்தது.

"யாரு இவங்க?"

"நீங்கதான்."

என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. என்னைப் பல பேர் பல விதமாகப் பார்த்திருக்கிறார்கள். நான் என்னை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

அவள் விடவில்லை. ஜன்னலோரம் கூட்டிப்போனாள். ஒரு வெள்ளைக் காகிதத்தின்மேல் இரண்டு சிறிய கண்ணாடிக் கிண்ணங்கள். செல்கள் உண்டாக்கிய கூழில் மட்டும் பிடிக்கும் நீலச் சாயம் ஊற்றிக் கழுவியிருந்தாள். இடதுபக்கக் கிண்ணத்துக்கு வளர்ச்சிக் காரணி கொடுக்கவில்லை. அதில் நீலம் துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டைபோல இருந்தது. வலதுபக்கக் கிண்ணத்துக்குக் கொடுத்திருந்தாள். அதில் மைக்கூடு கவிழ்ந்ததுபோல அடர் நீலம். அதைப் பார்க்க மைக்ராஸ்கோப் தேவையில்லை, படிப்பும் தேவையில்லை.

"கேட்டுருச்சு அண்ணாச்சி" என்றாள். "சேதிய கேட்டுருச்சு. கெட்டுப்போனதுன்னு தூரப் போட்ட தட்டு, கட்டுன்னு சொன்னதும் கட்டுது. மூணு தடவ திரும்பச் செஞ்சு பாத்துட்டேன். சாரும் பாத்துட்டாரு. தலைப்பு மாறாது."

"அப்ப இத எடுத்து என் முதுகுலயே திரும்ப வச்சிட வேண்டியதுதானே?"

அவள் பொய் சொல்லவில்லை. "முடியாது. கிண்ணத்துல கேக்கது வேற, முதுகுக்குள்ள கேக்கது வேற. உள்ள போட்டா வேண்டாத எடத்துல எலும்பு வளரலாம், நரம்பு வளரலாம். எந்தக் காரணிய, எவ்வளவு, எந்த நேரத்துலன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. உங்களுக்கு இதனால ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி."

"ஆகாட்டி போவுது" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். காலையில் நாலு பேர் முன்னால் ஒன்றுக்கும் உதவாது என்று திருப்பி அனுப்பிய முதுகு அது. அதன் ஒரு துண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நீலமாக வேலை செய்துகொண்டிருந்தது. அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆறேழு பேர் வந்து என் கையைக் குலுக்கினார்கள். யாரோ சமோசா வாங்கி வந்தார்கள். அவளுடைய சாரே எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். நின்றபடி குடித்தேன்.

டீ முடியும்போது அவள் கேட்டாள், "இப்ப என்ன வேல பாக்கீங்க?"

"எக்ஸ்ரே தூக்கறேன்" என்று உறையைக் காட்டினேன். மேஸ்திரி சொன்னதைச் சொன்னேன். சனிக்கிழமை டிக்கெட்டையும் சொன்னேன். இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. கேட்டாள், சொன்னேன்.

அவள் சாரைப் பார்த்தாள். சார் தலையாட்டினார். இது முன்பே பேசி வைத்த விஷயம் என்று தெரிந்தது.

"அந்த அட்டெண்டர் ஐயா ரெண்டு தடவ திரும்பக் குளிப்பாட்டிட்டாரு" என்றாள். "பழக்கம். அவரக் குத்தம் சொல்லி என்ன செய்ய? நானே போயி நின்னா இங்க வேல நடக்கல. ஆப்பரேஷன் நாள்ல அந்தக் கதவுகிட்ட நின்னு, மோந்து பாத்து வாங்கி, இங்க கொண்டுவர ஒரு ஆளு வேணும். பார்மலின் வாசனை தெரிஞ்ச ஆளு. ப்ராஜெக்ட்ல எடம் இருக்கு."

எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான். "எடை எவ்வளவு?"

"ஐஸோட சேத்து ரெண்டு கிலோ."

"பஸ்ல வரமாட்டேன். நடந்துதான் வருவேன்."

"ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்தா போதும்."

"ஒரு மணி நேரம்" என்றேன்.

கேம்ப்புக்குத் திரும்பியபோது, டிக்கெட் எடுத்து வைத்த என் நண்பன் குளித்துவிட்டு வாசலில் தலை துவட்டிக்கொண்டிருந்தான். டிக்கெட்டை அவன் கையில் கொடுத்து, திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன்.

"என்ன வேலடா?"

"ஆப்பரேஷன்ல எடுத்த முதுகுத் துண்ட வாங்கிட்டுப் போயி லேப்ல குடுக்கணும்."

"கறித்துண்டு தூக்கற வேலையா? தூ! இதுக்கா தில்லி வந்த?"

உள்ளேயிருந்து அவன் மனைவி கத்தினாள். "நீ தூக்கறத விடவா நாறப்போவுது? அண்ணே, நீ போண்ணே. ரெண்டு கிலோதான? என் கொழம்புச் சட்டியே அதுக்கு மேல இருக்கும்."

நண்பன் கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "உயிரோட இருக்குமா அது?" என்று கேட்டான்.

"இருக்கணும். அதான் வேல."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆப்பரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே நின்றேன். தோளில் குறுக்காகப் பட்டை, பட்டையில் நீல நிற ஐஸ் பெட்டி. ஏழு வாரத்துக்கு முன் அதே கதவு வழியாக என்னைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். பத்து மணிக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. ரப்பர் செருப்புகளைப் பார்த்ததுமே ஆளைத் தெரிந்துகொண்டேன். அவரும் என்னைத் தெரிந்துகொண்டார்.

"அரே, நீயா! குப்புறப் படுத்துக்கிட்டே கத்தினவன்!" என்றார் இந்தியில். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பாட்டிலை மேலே தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். ரோஸ் நிறத் தண்ணீரில் வெள்ளையாக ஒரு துண்டு மிதந்தது. "லே மதராசி. குளிப்பாட்டவில்லை. சூங்க் லே."

மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. அவருக்குத் தலையை ஆட்டிவிட்டு, பாட்டிலை ஐஸுக்குள் புதைத்து, பெட்டியை மூடி, முனிர்கா பக்கம் நடக்க ஆரம்பித்தேன்.